மலை முற்றத்தில் கூம்பு மலர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேச வேண்டிய இம்மேடையில் இரயில்வே எழுத்தன் ஒருவனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதிலும் இடுக்கி மாவட்டமோ இரயில் பாதையே இல்லாத மாவட்டம். ஒரு காலத்தில் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்றிச் சென்ற சிறிய இரயிலையும் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆயினும் நம் சூரியநெல்லிக்கும் இரயிலுக்கும் உறவு அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை - போடி இரயில், அகலப் பாதையாக மாறி, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போடிநாயக்கனூரை எட்டியது. அங்கிருந்து மெட்டு ஏறிப் பூப்பாறையைக் கடந்தால் இவ்வூர். என் துணைவியாரின் பிறந்தகமும் இதுவே. ஆகவே நான் முற்றிலும் அயலான் அல்லன்.

இவ்வாண்டு என்ன பொருள்பற்றிப் பேசலாம் என்று வினவியபோது, இங்குள்ள தாய்மார்கள் சிலர் எனக்கு ஒரு கேள்வியைத் தந்தார்கள். அஞ்சல் வழியாகக் கூம்பு மலரின் விதைப் பொட்டலங்களை வாங்கினார்களாம். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட படம் கண்ணைப் பறித்தது. விதையும் முளைத்தது, இலையும் செழித்தது, இரண்டாண்டாகியும் பூ மட்டும் வரவில்லை. “மண் குற்றமா, கைராசிக் குற்றமா, கண்ணேறா?” என்று அவர்கள் கேட்டார்கள். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இன்றைய உரை. வெறும் பூவைப்பற்றிய பேச்சு என்று இளைஞர்கள் சோர்வடைய வேண்டா. இந்தப் பூ வழியாக நம் குடியிருப்பைப்பற்றியும் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

முதலில் மலரை அறிமுகம் செய்துவிடுகிறேன். தமிழில் கூம்புதல் என்றால் குவிதல் என்று பொருள். ஆனால் இம்மலர் குவிகின்ற மலர் அன்று. மலரின் நடுப்பகுதி கூம்பு வடிவில் மேலெழுந்து நிற்பதால் இப்பெயர். அக்கூம்பு செம்பழுப்பு நிறத்தது. தொட்டால் விறைப்பான முட்கள் விரலில் தைக்கும். அதனைச் சுற்றிக் கருஞ்சிவப்புச் சாயல் கொண்ட இளஞ்சிவப்பு இதழ்கள் சற்றே கீழ்நோக்கித் தொங்கும். செடி 2 அடி முதல் 4 அடி வரை வளரும். தாவர நூலார் இதற்கு எக்கினேசியா என்று பெயரிட்டுள்ளனர். 1794-ஆம் ஆண்டில் மோயென்ச் என்னும் ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயர் அது. முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அவர் ஆக்கினார். கூம்பைத் தடவிப் பார்த்தவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இதன் தாயகம் வட அமெரிக்காவின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் ஆகும். அங்குள்ள புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் தானாக வளர்வது. பல ஆண்டு வாழும் இயல்புடையது. கடுங்குளிரில் மேற்பகுதி மடிந்துபோனாலும் வேர் மண்ணுக்குள் உயிரோடிருந்து இளவேனிலில் மீண்டும் தளிர்க்கும். இவ்வினத்துள் டென்னசிக் கூம்பு மலர் என்பது ஒன்று. தன் சொந்த நாட்டிலேயே வாழிடத்தை இழந்து அழியும் நிலையை அடைந்து, 1979-ஆம் ஆண்டில் அரசின் காப்புப் பட்டியலில் ஏறியது. பலரும் கூடிப் பேணி வளர்த்ததனால் 2011-ஆம் ஆண்டில் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிறந்த மண்ணிலேயே நிற்க இடமின்றிப் போவது மனிதர்க்கு மட்டும் நேர்வதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

இன்னொரு செய்தியையும் குழந்தைகள் கவனிக்க வேண்டும். நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையில் ஒரு பூ அன்று. கூம்பில் நெருங்கி நிற்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு பூ. சுற்றிலும் இதழ்போல் தோன்றுபவையும் தனித்தனிப் பூக்களே. வெளிவரிசைப் பூக்கள் வண்டை அழைக்கும். உள்வரிசைப் பூக்கள் தேனும் மகரந்தமும் தந்து விதையாகும். செவ்வந்தி, சூரியகாந்தி, செண்டுமல்லி, டாலியா, ஜினியா, காஸ்மாஸ் ஆகிய யாவும் இந்தக் கூட்டுப் பூக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் 20,000-க்கு மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன.

இவற்றுள் எத்தனை நம்முடையவை என்று எண்ணிப் பாருங்கள். செண்டுமல்லி மெக்ஸிகோ நாட்டுச் செடி. துலுக்கச் சாமந்தி என்று நாமே அதற்கு அயல்நாட்டுப் பெயர் வைத்தோம். இன்றோ ஆயுத பூசையன்று அதன் மாலை இல்லாத வண்டியும் இல்லை, எந்திரமும் இல்லை. டாலியாவும் மெக்ஸிகோவிலிருந்து வந்ததே. 1963-ஆம் ஆண்டில் அந்நாடு அதனைத் தன் தேசிய மலராக அறிவித்தது. நாம் இன்று செவ்வந்தி என்று தொடுத்துச் சூடும் தோட்டத்துப் பூவின் தாயகம் சீனம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை இறைவனுக்குச் செவ்வந்திநாதர் என்ற பெயரும் உண்டு என்பதை நினைத்தால், ஒரு மலர் மக்கள் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக வேர்விடும் என்பது விளங்கும். பூவை விடுங்கள்; மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தவை. கேரள மக்களின் உணவாகிவிட்ட கப்பைக்கிழங்கும் அங்கிருந்து வந்ததே. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைப் பரப்பினார். வந்தவை எல்லாம் வந்தவையாகவே நின்றுவிடுவதில்லை. மண்ணுக்கு உணவும் மக்களுக்கு மகிழ்வும் தந்தால் அவை ஊராரும் ஆகிவிடுகின்றன.

அப்படியாயின், மெக்ஸிகோவிலிருந்து வந்த செண்டுமல்லி நம் முற்றத்தில் கொட்டிப் பூக்கும்போது, அதற்கு அண்டை நாட்டிலிருந்து வந்த கூம்பு மலர் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? இதற்கு விடை மண்ணிலும் இல்லை, நீரிலும் இல்லை, வானத்தில் இருக்கிறது.

1920-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு அறிஞர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். கோடை முழுவதும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத ஒருவகைப் புகையிலையை அவர்கள் ஆராய்ந்தார்கள். பகற்பொழுதின் நீளத்தைச் செயற்கையாகக் குறைத்தபோது அச்செடி பூத்தது. ஆகவே பல செடிகள் பகல் எவ்வளவு நேரம், இரவு எவ்வளவு நேரம் என்பதை அளந்தே பூக்கும் காலத்தை முடிவு செய்கின்றன என்று அவர்கள் நிறுவினார்கள். செடி உண்மையில் அளப்பது இடையறாத இருளின் நீளத்தையே என்று பின்வந்தோர் கண்டனர். இரவு நீண்டால் பூப்பவை ஒருவகை. இரவு சுருங்கினால் பூப்பவை மற்றொரு வகை. இரண்டையும் பொருட்படுத்தாதவை மூன்றாவது வகை.

செவ்வந்தி முதல் வகை. காஸ்மாஸும் அத்தகையதே. மார்கழியில் இம்மலைவீடுகளின் முன் சிவந்து நிற்கும் பாயின்செட்டியாவும் நீண்ட இரவை விரும்புவதே. கூம்பு மலரோ மறுதலை வகை. பகல் 13, 14 மணி நேரத்துக்குக் குறையாதிருந்தால்தான் அது மனம் நிறைந்து பூக்கும். அதன் தாயகத்தில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரம்வரை நீளும். நம் சூரியநெல்லியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே சூரியன் இருந்தும் என்ன? இங்கே மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12¾ மணி நேரம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். இடையே உள்ள வேற்றுமை ஒன்றேகால் மணி நேரமே. கூம்பு மலர் தன் ஊர்க் கோடை வரும் வரும் என்று எதிர்பார்த்து இலையாகவே நின்றுவிடுகிறது. மெக்ஸிகோ நம்மைப்போல் வெப்பமண்டலத்தை ஒட்டிய நாடு. ஆதலால் அங்கிருந்து வந்த மலர்களுக்கு நம் நாட்பொழுது பழகிய பொழுதாக அமைந்தது. ஆகவே தாய்மார்களே, கைராசியிலும் குற்றமில்லை, கண்ணேறும் இல்லை.

இக்குறைக்கு மாற்று உண்டா? உண்டு. அதுவும் செலவில்லாத மாற்று. நம் வீட்டுத் திண்ணை விளக்கே அது. மாலை 6 மணிக்கு ஏற்றி இரவு 10 மணிக்கு அணைக்கும் விளக்கு, செடியின் கணக்கில் பகலை நான்கு மணி நேரம் நீட்டிவிடுகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் செடிக்கு மூன்று நான்கு அடி உயரத்தில் அமைத்தால் போதும். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஒரு யூனிட் அளவே மின்சாரம் ஆகும். மூன்று மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்றே அதிகம். நான் கண்ட ஒரு முற்றத்தில் வரிசையாக ஐந்து செடிகள் நின்றன. விளக்கின் கீழ் நின்ற ஒன்று மட்டும் சித்திரையில் பூத்தது. இருட்டில் நின்ற நான்கும் கீரைப் பாத்திபோல் காட்சி அளித்தன. அவ்வீட்டு அம்மையார் அந்த ஒரு செடிக்கு மட்டும் மஞ்சள் நீர் தெளித்ததே காரணம் என்றார். மஞ்சளை நான் குறை கூறவில்லை. ஆயினும் பெருமை விளக்குக்கே உரியது.

இதே விளக்கு செவ்வந்திக்குப் பகை என்பதை மறவாதீர்கள். செவ்வந்தி வேண்டிய நேரத்துக்கு முன் பூத்துவிடாதிருக்க, தமிழகத்திலும் கருநாடகத்திலும் உழவர்கள் வயலில் இரவெல்லாம் மின்விளக்குகளை வரிசையாக எரியவிடுகிறார்கள். ஆகவே விளக்கடியில் கூம்பு மலரையும் இருட்டு மூலையில் செவ்வந்தியையும் வைத்தால், இரண்டும் தத்தம் காலத்தில் பூத்து முற்றத்தை நிறைக்கும்.

இனி, பயிரிடும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

விதை குளிர் கண்டால் நன்கு முளைக்கும். ஈரமான மணலில் விதையைக் கலந்து, மூடியுள்ள டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு வாரம் வைக்கலாம். பனிக்கட்டி உறையும் மேல் அறையில் வைத்தல் ஆகாது. புரட்டாசியில் மழையின் வேகம் தணியும்போது, ஓரளவு கூரையுள்ள இடத்தில் தட்டுகளில் விதைக்க வேண்டும். விதையின்மேல் மெல்லிய மண் போர்வை போதும். ஆழப் புதைத்தால் முளை வாராது. பத்து முதல் இருபது நாள்களுக்குள் முளை தோன்றும். நாற்று நான்கு இலை விட்டபின், கார்த்திகை மார்கழியில் பாத்திக்கு மாற்றலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி முதல் இரண்டடி இடைவெளி தேவை. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது விழும் இடமே தகுந்த இடம்.

அடுத்தது மண். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. அதன் அமிலக் குறியெண் 4½ முதல் 5½ வரை இருந்தால் மகிழ்ந்து வளரும். கூம்பு மலருக்கோ 6 முதல் 7 வரை வேண்டும். ஆகவே தேயிலை வாழும் மண்ணில் அதனை அப்படியே நட்டால் செழிக்காது. தோட்டங்களில் பயன்படும் டோலமைட்டு, அல்லது நீற்றிய சுண்ணாம்பு சிறிதளவு, நடவுக்கு ஒரு மாதம் முன்னரே மண்ணில் கலந்து கொத்திவிட வேண்டும். எவ்வளவு இடுவது என்பதை மண்ணைப் பரிசோதித்த பின்பே முடிவு செய்வது நன்று. அதற்குரிய வழியைப் பஞ்சாயத்தின் கிருஷி பவனில் கேட்டறியலாம். எருவை அள்ளிக் கொட்ட வேண்டா. நடும்போது ஒரு கூடை மக்கிய சாணி எரு போதும். மிகுதியாக உரமிட்டால் தண்டு கொழுத்துச் சாயும், பூ குறையும்.

மூன்றாவது நீர். இச்செடிக்கு நம் மலையில் பெரும்பகை வறட்சி அன்று. ஆனி, ஆடி மழையே. வேரின் தலைப்பகுதியில் நீர் தேங்கினால் ஒரு வாரத்தில் அழுகிவிடும். ஆகவே பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்தி, மணலும் சிறு கல்லும் கலந்து, நீர் வடியும் வழி செய்ய வேண்டும். பலகையாலோ கல்லாலோ ஓரம் கட்டலாம். மழைக் காலத்தில் செடியின் அடியில் சருகு குவிக்கக் கூடாது. சட்டியில் வளர்ப்போர் மழை நாள்களில் அதனைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடலாம். வேரூன்றிய செடிக்குப் பங்குனி வெயிலிலும் வாரம் ஒருமுறை நன்றாக நீர் ஊற்றினால் போதும்.

முதலாண்டில் பூவை எதிர்பார்த்து ஏங்க வேண்டா. சில புதிய வகைகள் முதலாண்டிலேயே பூப்பதுண்டு. பெரும்பாலானவை ஓராண்டு முழுதும் வேரையே வளர்க்கும். மார்கழி, தை மாதங்களின் குளிர் அதற்கு நன்மையே. மூணாற்றுத் தோட்டங்களில் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் பனி உறைந்து தேயிலை கருகியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அத்தகைய குளிரிலும் கூம்பு மலரின் வேர் சாவதில்லை. வேரூன்றிய செடிக்குத் தை மாத நடுவிலிருந்து திண்ணை விளக்கைத் தவறாது காட்டினால், சித்திரையில் மொட்டும், மழை தொடங்கும் முன் மலரும் காணலாம். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புதுப் பூக்கள் தொடரும். விதை வேண்டுவோர் இரண்டு மூன்று கூம்புகளை மட்டும் கறுத்துக் காயும்வரை விட்டு, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு உதிர்த்து எடுக்கலாம். கலப்பு வகைகளின் விதை தாயைப்போல் பூக்கும் என்ற உறுதி இல்லை.

நோய்களுள் அஞ்சத்தக்கது ஒன்றே. பூவின் இதழ்கள் பச்சையாகி, கூம்பின்மேல் இலைக்கொத்துகள் விகாரமாக முளைத்தால், அது தத்துப்பூச்சி பரப்பும் நுண்ணுயிர் நோய். அதற்கு மருந்து இல்லை. இரக்கம் பாராமல் வேரோடு பறித்து எரித்துவிட வேண்டும். இல்லையேல் பக்கத்துச் செவ்வந்திக்கும் பரவலாம். இலையில் வெண்பூச்சுப் படிந்தால் செடிகள் நெருங்கி நிற்கின்றன என்று பொருள். இடைவெளி கொடுத்தால் தணியும்.

இம்மலரின் வேரும் இலையும் சளிக்கு மருந்து என்று கடைகளில் விற்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்கப் பழங்குடியினர் இதனை நெடுங்காலமாக மருந்தாகக் கையாண்டது உண்மை. ஆயினும் இக்காலத்து ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தவர்கள், சளியைத் தீர்ப்பதில் இதற்கு உறுதியான பயன் நிறுவப்படவில்லை என்றே கூறுகின்றனர். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகும். ஆகவே முற்றத்துச் செடியைப் பிடுங்கிக் குழந்தைகளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டா. கண்ணுக்கு விருந்தாகவும் தேனீக்கு உணவாகவும் இருந்தாலே அது தன் கடமையைச் செய்ததாகும்.

அன்பர்களே! இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். “இத்தனை பாடுபட்டு வளர்த்துத்தான் என்ன பயன்? லயம் கம்பெனிக்கு உரியது. குவார்ட்டர்ஸ் சர்க்காருக்கு உரியது. வேலை முடிந்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர்கள் நாம். பிறர் வாசலில் பல்லாண்டுச் செடி எதற்கு?” என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீடு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் அவ்வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. மூன்று தலைமுறை இம்மலையில் கொழுந்து கிள்ளியவர்கள், ஓய்வு பெறும் நாளில் கீழே போடியிலோ கம்பத்திலோ உறவினர் வீட்டு வாசலை நோக்க வேண்டியிருக்கிறது; அல்லது அந்த ஓர் அறையைக் காப்பதற்காகவே மகனோ மகளோ கூடையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. இரயில்வே குடியிருப்பில் வாழும் எங்கள் நிலையும் வேறன்று. பணி ஓய்வு ஆணையோடு வீட்டைக் காலி செய்யும் ஆணையும் வருகிறது.

அப்பெரியவர்க்கு நான் கூறும் விடை இது. வீடு நமதன்று; அதனை மாற்ற ஒரு பூச்செடியால் இயலாது. சொந்த நிலத்துக்கும் வீட்டுக்கும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். பூ வளர்த்துக்கொண்டு அதனை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சுவர்தான் கம்பெனியுடையது, செடி வைத்தவருடையது. எடுத்துச் செல்லத்தக்க செடியைத் தேர்ந்து வைப்பதே நம்மைப் போன்றோர்க்கு அறிவுடைமை. கூம்பு மலர்களுள் சில வகைகள் ஆழ்ந்த ஆணிவேர் விடுபவை. பெயர்த்தால் பிழைப்பது அரிது. நாம் பேசுகின்ற கருஞ்சிவப்புக் கூம்பு மலரோ கொத்துவேர் உடையது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்தபின், முள்ளால் சுற்றிலும் நெம்பித் தூரை முழுதாக எடுத்து, கத்தியால் இரண்டு மூன்றாகப் பகுத்து நடலாம். ஒவ்வொரு பகுதியிலும் வேரும் குருத்தும் இருத்தல் வேண்டும். பகுத்தால் தாய்ச்செடிக்கும் நன்மையே. ஒரு பகுதி நமக்கு. ஒரு பகுதி அண்டை வீட்டாருக்கு. நாம் கீழே இறங்கினாலும் அண்டை வீட்டில் நம் செடி நிற்கும்.

கீழே இறங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் கூம்பு மலர் தழைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். குளிர் காணாத இடத்தில் அது வலுவிழக்கும். ஆகவே ஓய்வு நெருங்கியவர்கள் செவ்வந்தியையும் செண்டுமல்லியையும் சேர்த்து வளர்ப்பது நலம். இவை மேலும் வாழும், கீழும் வாழும். செவ்வந்தியின் பக்கக் கன்று ஈரத்துணியில் சுற்றினால் பேருந்துப் பயணத்தை எளிதில் தாங்கும்.

முற்றத்தைப்பற்றி இரண்டு எச்சரிக்கைகள். யானைகள் நடமாடும் ஊர் இது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் சின்னக்கானலில் அரிக்கொம்பன் பிடிக்கப்பட்டதை மறந்தவர் எவரும் இங்கில்லை. வீட்டையொட்டி வாழையும் பலாவும் வைத்தால் யானைக்கு நாமே ஓலை அனுப்பியதாகும். பூப்பாத்தி அத்தகைய விருந்து அன்று. இரண்டாவது, இடம் போதவில்லை என்று வீட்டுக்குப் பின்னுள்ள சரிவை வெட்டிப் பாத்தி அமைக்க வேண்டா. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய நம்மவர் 70 பேர் மறைந்தனர். அச்சரிவு எவர் வீட்டுத் தோட்டத்தாலும் நேர்ந்ததன்று, பெருமழையால் நேர்ந்தது. ஆயினும் சரிவில் மண்ணைத் தளர்த்துவதும் சாக்கடையை மண்ணிட்டு அடைப்பதும் ஆபத்தை அழைப்பதாகும். சரிவில் வெட்டிவேரை வையுங்கள். அது மண்ணைப் பற்றி நிற்கும். பூக்கள் சமதளத்திலும் சட்டியிலும் இருக்கட்டும்.

மிஞ்சிய விதையைக் காட்டோரத்தில் வீசும் பழக்கமும் வேண்டா. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று காடெங்கும் புதராகிவிட்டது. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியும் மெக்ஸிகோவிலிருந்து வந்து எல்லை கடந்து பரவியதே. அதன் தழையை வெட்டிப் பாத்திக்கு உரமாக இட்டால் நமக்கும் பயன், பரவலும் குறையும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ஆம் ஆண்டில் இம்மலைகளில் பூத்தது. அடுத்த பெரும்பூப்பை 2030-ஆம் ஆண்டில் எதிர்நோக்குகிறோம். அதன் இடத்தை அதற்கே விட்டுவைப்போம். வந்து குடியேறியவர்க்கு உரிமையும் உண்டு. முன்னிருந்தவரை நெருக்காத கடமையும் உண்டு. செடிக்கும் இது பொருந்தும்.

முடிவாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் பாட்டும் நாடகமும் நடக்கும் அதே நாளில், வாசலில் ஒரு மேசை போடுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தம் முற்றத்துச் செடியின் விதையையோ கன்றையோ கொண்டுவந்து வைக்கட்டும். வேண்டியதை எடுத்துச் செல்லட்டும். பொட்டலத்தின்மேல் செடியின் பெயரும் விதைக்கும் மாதமும் அழகிய தமிழில் எழுதப்பட வேண்டும். அவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். மலையாளம் பயிலும் பள்ளியிலோ ஆங்கிலம் பயிலும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளைக்கு, ஆண்டில் ஒரு நாளாவது தமிழ் எழுத்து பயனுள்ள எழுத்தாகத் தோன்றும். ஓய்வு பெற்று இறங்கும் குடும்பங்களின் செடிகளைப் பகுத்து, தங்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கும் பொறுப்பையும் சங்கமே ஏற்கலாம். பலருடைய பெயரைத் தாங்கும் கல்வெட்டு நமக்கு இம்மலையில் இல்லை. “இது இன்னார் வைத்த செடி” என்ற சொல்லாவது சில முற்றங்களில் நிலைக்கட்டும்.

திண்ணை விளக்கைத் தை மாதம் ஏற்றத் தொடங்குங்கள். சித்திரையில் பூத்தால் எனக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். பூக்காவிட்டாலும் எழுதுங்கள், காரணத்தைச் சேர்ந்து தேடுவோம். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.